ஜம்புலிங்கம் வளர்த்த வானவில்

“எங்க ஊட்ல நான் ஒரு வானவில் வளக்கறேன்” என்று ஜம்புலிங்கம் சொல்லாத டீக்கடை கோவில்பதாகை ஏரியாவிலேயே கிடையாது. சோறு வைக்க வேண்டாம், தண்ணி காட்ட வேண்டாம், கம்ப்யூட்டரைப் போட்டால் தானாக வந்து நிற்கும் என்பார். கேட்டவர்கள் சிரித்த சிரிப்பில் பாடி மேம்பாலத்து லாரிகளெல்லாம் ஹாரன் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டன.

இப்போது அவர் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டிக்குக் கரண்ட் போகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே கம்ப்யூட்டர் வயரையும் சொருகிக்கொண்டிருந்தாள் மகள் மதிவதனி.

“இன்னாடி பண்ணிக்கினு கீற? பொணத்தாண்ட கேம் ஆடப் போறியா?” என்றாள் ராணி. புருஷன் போய் அரை நாள் ஆகியும் அவள் இன்னும் அழவில்லை.

“நைனா சொன்ன வானவில்லக் காட்டறேம்மா. தூக்கறதுக்குள்ள நீ பாத்துரணும்.”

“இத்தினி வருசம் குப்ப கொட்னேன், அந்த மன்சன் வாய்ல ஒரு நெசம் வந்து பாத்ததில்ல. மூணு மணிக்கு வண்டி வருது. பொய்யனாவே போட்டும் உடு.”

பொய்யனாகவே போவதா? மதிவதனி கம்ப்யூட்டரைப் போட்டாள்.

அந்த வானவில் ஒரு பழைய வீடியோ கேமுக்குள் இருந்தது. பாடி தொழிற்சாலையில் ரிட்டயர் ஆன மறுநாளே, பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் எமுலேட்டரைப் பிடித்துக்கொண்டார் ஜம்புலிங்கம். கேமில் ஒரு கீரிப்பிள்ளை காட்டுக்குள் ஓடும். வழியில் ஓர் அருவி கொட்டும். அங்கேதான் வானவில் என்று அடித்துச் சொல்வார். மகன் அருள் ஒருநாள் அதே கேமைத் தன் போனில் போட்டு அம்மாவுக்குக் காட்டினான். அருவி ஜன்னல் கம்பி மாதிரி கோடு கோடாக நின்றது. வானவில்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராணி அன்றே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

ஜம்புலிங்கம் மட்டும் அப்பீல் போய்க்கொண்டே இருந்தார். “அது பழைய டிவிக்குன்னு போட்ட படம்மே. அந்த டிவி கலர ஒண்ணோட ஒண்ணு கலங்க உடும். அதே மாரி ஒரு ஃபில்டர் போட்டு சேவ் பண்ணி வச்சிக்கீறேன். வந்து பாரு.” ராணிக்கு எப்போதும் அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தது.

மதிவதனி கேமைத் திறந்தாள். கீரிப்பிள்ளை ஓடியது. அருவி வந்தது. அதே ஜன்னல் கம்பி.

அவர் சேவ் செய்த ஃபில்டர்களில் ‘அருவி’ என்று ஒன்று இருந்தது. அழுத்தினாள். ‘ஏற்ற முடியவில்லை’ என்று கீழே மஞ்சள் எழுத்து எட்டிப்பார்த்தது. திரைக்குப் படம் அனுப்பும் வீடியோ டிரைவரை மாற்றினாள். படம் நடுங்கியதே தவிர கம்பி அசையவில்லை. எமுலேட்டரோடு கூடவே வந்த ஃபில்டர்கள் சமர்த்தாக ஏறின. நைனா சேவ் செய்தவை மட்டும் ஒன்று விடாமல் முரண்டு பிடித்தன.

வாசலில் மேளக்காரர்கள் தோலைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள். மாலையோடு உள்ளே வந்த அருள் எட்டிப் பார்த்தான். “இன்னாக்கா, நைனா கூடவே அதுவும் பூட்ச்சா?”

அவள் ‘அருவி’யை நோட்பேடில் திறந்தாள். நாலைந்து வரிதான். கலரைக் கலக்குகிற வித்தை இங்கே இல்லை, இன்ன ஃபோல்டரில் போய்ப் பார் என்று வழி மட்டும் காட்டியது. ஃபோல்டரின் பெயர் ஜம்புலிங்கம்.

அந்தப் பெயரில் ஃபோல்டரே இல்லை. இருந்தது ‘தெய்வத்திரு ஜம்புலிங்கம்’.

“டேய் அருளு, யார்றா இதுக்குப் பேர மாத்துனது?”

“நான்தான். பேனருக்கு போட்டோ அதுலதான இருந்திச்சி. செத்தவரு பேர மொட்டையாவா உடறது? ஒரு மரியாதி வாணாமா?”

“உன் மரியாதில தீய வைக்க! ஃபில்டரு ஜம்புலிங்கத்தத் தேடிக்கினு கீது. தெய்வத்திருவ அதுக்கு யார்னே தெரியாதுடா.”

அருள் மாலையைப் பிடித்தபடி விழித்தான். “அத்த இப்ப எட்த்துட்டா... குத்தம் ஒண்ணும் ஆவாதே?”

ஐஸ் பெட்டி ஓரத்திலிருந்து ராணியின் அக்கா கெங்கம்மாள் குரல் கொடுத்தாள். “பேனர்ல தெய்வமா இருக்கட்டும்டா. கம்ப்யூட்டர்ல பழையபடி மன்சனா இருந்துட்டுப் போட்டும். எடு.”

மதிவதனி ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். ஜம்புலிங்கம் மட்டும் மிஞ்சினார். ‘அருவி’யை அழுத்தினாள்.

படம் ஒரு கணம் கறுத்தது. பிறகு மெத்தென்று திரும்பி வந்தது, ஓரமெல்லாம் உப்பி, பழைய டிவிப் பெட்டியின் வயிறு மாதிரி. கம்பிகள் கரைந்தன. தண்ணீர் விழுந்தது, தண்ணீருக்குப் பின்னால் பாறை தெரிந்தது. விழுகிற தண்ணீரில் சிவப்பு நின்றது, பக்கத்தில் மஞ்சள், பச்சை, ஊதா. துக்கத்துக்கு வந்த கூட்டம் திரண்டு எட்டிப்பார்த்தது. தங்கள் மேல் சாரல் அடித்ததாகப் பாதிப்பேர் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

“யம்மா. வா.”

சாவு வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. ராணிக்கு இன்று சொல்ல ஒரு சாக்கும் இல்லை. எழுந்து வந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள். கீரிப்பிள்ளை அருவியடியில் அவளுக்காகவே நிற்பது போல நின்றது. திரையை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு ஐஸ் பெட்டியண்டை போய் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு மேலே பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பனியை முந்தானையால் துடைத்தாள்.

“ஏழு கலரு இல்லய்யா, நாலுதான் கீது” என்றாள். இன்னொரு தரம் துடைத்தாள்.

“ஆனா கீது.”