வலது ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

மூத்த மருமகள் அட்டையைச் சாய்த்துப் பின்பக்கம் ஒரு சுண்டு சுண்டினாள். மிச்சத் தூள் கீழே விரித்திருந்த தாளில் உதிர்ந்தது. அட்டையில் தங்க இறகு ஒன்று நின்றது. அது நிற்க வேண்டியதுதான். ஆனால் சற்றுத் தள்ளி, வலது ஓரத்தில், யாரும் கூப்பிடாமலே ஒரு கட்டைவிரலும் தங்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ரேகை ஒன்றுவிடாமல்.

"இது யாரு?" என்று வாய்விட்டே கேட்டாள்.

பதில் சொல்ல அறையில் ஆள் இல்லை. வீட்டின் கீழ்ப்பகுதியில் கொழுந்தனும் அவன் மனைவியும், மேலே இவளும் கணவனும். மாடிப்படி திரும்புகிற இடத்தில் பொதுவாகக் கிடந்த சின்ன அறையை யாரும் கேட்கவில்லை என்பதால், வாழ்த்து அட்டை செய்ய இவள் எடுத்துக்கொண்டாள். காலையில் பல் மருத்துவரின் வரவேற்பு மேஜை, மதியம் வீட்டுக்கு வந்ததும் இந்த மேஜை. அன்பளிப்புக் கடை ஒன்று பிறந்தநாள் அட்டைகள் கேட்டிருந்தது. அதற்குத்தான் இந்த இறகு.

செய்முறை ஒன்றும் மாயமில்லை. ரப்பர் ஸ்டாம்பை நிறமில்லாத மையில் ஒற்றி அட்டையில் அழுத்த வேண்டும். அழுத்திய இடம் கண்ணுக்குத் தெரியாது, பிசுபிசுப்பு மட்டும் இருக்கும். அதன்மேல் எம்பாஸிங் தூளைக் கொட்டித் தட்டினால், மை பட்ட இடத்தில் மட்டும் தூள் தங்கும். ஹீட் கன்னால் சூடு காட்டியதும் தூள் உருகி, பளபளவென்று மேடாக எழும்பி நிற்கும். கையின் எண்ணெய்ப்பசையிலும் தூள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், முகத்துக்குப் போடும் பவுடரைத் துணிப்பையில் கட்டி, முதலிலேயே அட்டை முழுக்க ஒற்றிவிடுவாள். அதையும் மீறி ஒரு விரல் நிற்கிறதென்றால் அது வெறும் கைப்பசை இல்லை. மை. அவளுடைய மை. அவள் இல்லாத நேரத்தில் யாரோ அந்த இங்க் பேடைத் தொட்டுவிட்டு, அதே கையோடு அட்டையையும் தொட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் கணவன் வந்ததும் வராததுமாக, "கட்டைவிரலக் காட்டுங்க" என்றாள்.

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். காலணியைக்கூடக் கழற்றவில்லை. "எதுக்கு? சொத்து எதாவது எழுதி வாங்கப்போறியா?"

"சொத்து இருந்தா நான் ஏன் இறகு ஒட்டிட்டு இருக்கேன்? காட்டுங்க."

அட்டையில் இருந்த விரல் மெலிசு. இவன் விரலோ, கிரீஸ் படிந்து, அதைப்போல இரண்டு மடங்கு அகலம்.

"நீங்க இல்ல."

"அப்பாடா. என்னை விடுதலை பண்ணிட்டாங்க" என்று அவன் குளிக்கப் போனான். பாதி வழியில் நின்று, "கேஸ் என்னன்னுகூடச் சொல்லல" என்றான்.

மறுநாளும் ஒரு விரல் வந்தது. அதுவும் வலது ஓரத்தில்தான். அடுத்த நாள் இரண்டு. இவள் யோசிக்காமலே ஒரு முகம் முன்னால் வந்து நின்றது. கொழுந்தனின் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு மதிய வேலை. காலை முழுக்க வீட்டில் அவள் மட்டும்தான்.

அவளோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஒரு காலத்தில் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், இரண்டு அடுப்பிலும் ஏதாவது கருகும். "அக்கா, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று அவள் கேட்டுத்தான் இவள் மேஜையில் உட்கார வைத்தாள். ஆனால் எதை எடுத்தாலும் அவள் கையில் தீற்றல். ஈரமாக ஒற்றிய படத்தின் மேலேயே சட்டைக்கை உரசும். பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுத்தும் அப்படித்தான். ஒரு நாள் உறவுக்காரர்கள் நாலு பேர் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது, வரிசையாக மூன்று அட்டை வீணாயிற்று. இவள் ஸ்டாம்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "விடும்மா, உனக்கு இது வராது" என்றாள். யாரோ சிரித்தார்கள். இளையவள் கீழே இறங்கிப் போனவள்தான். அதன்பிறகு சேதி எல்லாம் அண்ணன் தம்பி வழியாகத்தான் போய் வந்தது.

இப்போது அந்த வழியாக வந்த கடைசிச் சேதி: தனியாக ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கப் போகிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து மூத்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

இதில் இந்த விரல் வேறு. போகிற போக்கில் வேலையைக் கெடுத்துவிட்டுப் போகிறாளா? முதல் கோபத்தில் இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் படி வரைக்கும் வந்தாள். அங்கேயே நின்றாள். கெடுக்க நினைக்கிறவள் ஓரத்தில் ஒரு விரலை வைத்துவிட்டா போவாள்? இங்க் பேடில் தண்ணீரைக் கொட்டினால் போதுமே.

அப்படியென்றால் என்னதான் செய்கிறாள்?

இந்தக் கேள்வி வந்ததும் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் தூள் டப்பாவை எடுத்து, அட்டையில் இல்லை, மேஜைமேலேயே தூவினாள். ஓரம் முதல் ஓரம் வரை. பிறகு குனிந்து மெல்ல ஊதினாள். ஒட்டாத தூள் பறந்தது. ஒட்டிய தூள் பேச ஆரம்பித்தது.

"வீட்ல குற்றப்பிரிவே நடத்துறியா?" அரைநாள் வேலை முடிந்து வந்த கணவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"மூச்சு விடாதீங்க."

"நிரந்தரமாவா?"

"கொஞ்ச நேரம். பறந்துடும்."

மேஜையின் வலது மூலையில், இங்க் பேடுக்குப் பக்கத்தில் விரல்கள். அங்கிருந்து நடுவில் ஒரு நீளத் தீற்றல். பிறகு இடது பக்கம், இவள் எதுவுமே வைக்காத இடத்தில், ஒரு கூட்டம் விரல்கள். ஸ்டாம்பு இழுப்பறையின் கைப்பிடியில் இரண்டு. இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பூக்கள், பறவைகள், மெழுகுவர்த்தி எல்லாம் சுத்தம். கடைசி வரிசையில், யாருமே கேட்காத அந்துப்பூச்சி ஸ்டாம்பின் பள்ளங்களில் மட்டும் செம்பு நிறப் பொடி மின்னியது. நகத்தால் சுரண்டினாள். பொடி இல்லை. உருகி இறுகியது.

மூத்தவள் ஸ்டாம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தூளை ஒருமுறை உருக்கினால் படம். அதன்மேல் மறுபடி மறுபடி தூள் போட்டு உருக்கினால், அட்டைமேல் தேன் ஊற்றியதுபோல ஒரு கெட்டிக் குளம் நிற்கும். அது சூடாக இருக்கும்போதே ஸ்டாம்பை அதற்குள் அழுத்தி எடுத்தால், படம் உள்வாங்கிப் பதியும். நாணயத்தில் அச்சு இருக்கிற மாதிரி. இவளும் செய்து பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஸ்டாம்பு குளத்தோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுத்ததில் ரப்பரே கிழிந்து, கடைசியில் அது நமக்கு வேண்டாம் என்று கைகழுவிவிட்டாள்.

ஆனால் இந்த ஸ்டாம்பு கிழியவில்லை. பூச்சியின் மீசைகூட அப்படியே இருந்தது.

"எப்படி எடுத்தா?" என்றாள்.

"யாரு, எதை?"

"நீங்க மூச்சு விட்டுக்கலாம், போங்க."

அவன் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் தெரிந்த தடத்தை அப்படியே தன் கையால் நடந்து பார்த்தாள். அட்டைகளில் விழுந்த விரல்கள் எல்லாம் வலது ஓரத்தில். அப்படியானால் அட்டையைப் பிடித்தது வலது கை. அழுத்தியது இடது கை. ஆனால் இளையவள் வலது கையால்தானே எழுதுகிறாள்? எழுதும்போது மட்டும். பள்ளிக்கூடத்தில் அடித்துப் பழக்கிய எழுத்து. கத்திரி பிடிப்பது, சீப்பு எடுப்பது, மூடி திறப்பது? இவள் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். எல்லாம் இடது. இத்தனை வருடம் ஒரே படியில் உட்கார்ந்து பேசியவளுக்கு அது கண்ணில் படவேயில்லை.

ஸ்டாம்பை இடது கையில் எடுத்தாள். வலது மூலையில் இருந்த இங்க் பேடுக்குக் கை போனது. நடுவில் கிடந்த அட்டையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒற்றிவிட்டு, தூளுக்காக மறுபடி வலது பக்கம். சட்டைக்கை ஈரப்படத்தின்மேல் உரசி, இழுபட்டு, ஒரு தீற்றல் விழுந்தது. அன்று விழுந்த அதே தீற்றல். ஹீட் கன்னின் வயரும் வலது பக்கமே செருகியிருந்ததால், இழுத்தால் பாதி வழியில் நின்றது.

மூத்தவள் அந்தத் தீற்றலைத் துடைக்காமல் அப்படியே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கீழே இறங்கினாள். கொழுந்தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்க அண்ணி" என்றவன் குரலில் ஆச்சரியம் வழிந்தது. "நாங்க இப்போ கிளம்பிடுவோம்..."

"தெரியும் தம்பி. ஒரே ஒரு கேள்வி, கேட்டுட்டுப் போயிடுறேன்."

இளையவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகத்தை இறுக்கமாக வைத்திருந்தாள். "எதையும் கெடுக்கலையே நான்? தூள் தீந்திருந்தா சொல்லுங்க, வாங்கி வச்சிட்டுத்தான் போவேன்."

"தூளு கிடக்கட்டும். அந்துப்பூச்சி எப்படி ஒட்டாம வந்துச்சு?"

இளையவள் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக நின்றவளுக்கு, கையிலிருந்த ஆயுதத்தை எங்கே வைப்பதென்று தெரியாத மாதிரி ஆயிற்று.

"எந்த அந்துப்பூச்சி?"

"நடிக்காதே. செம்பு ஒட்டியிருக்கு ஸ்டாம்புல. நான் அஞ்சாறு ரப்பரக் கிழிச்சிருக்கேன். நீ எப்படிம்மா எடுத்தே?"

இளையவள் உள்ளே போனாள். டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். தீப்பெட்டி அளவில் செம்புக் குளம், அதற்குள் முங்கிக் கிடந்தது பூச்சி. சாய்த்தால் சிறகு கறுத்தது, நிமிர்த்தினால் எரிந்தது. மூத்தவள் ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பார்த்தாள், மறுபடி நிமிர்த்திப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஃப்ரிட்ஜ்ல வச்சேன்" என்றாள் இளையவள் மெதுவாக.

"எதை? அட்டையவா?"

"ஸ்டாம்ப. ரொம்பச் சில்லுன்னு ஆனதும், மையத் தடவிட்டு அழுத்தினா ஒட்டாது. முதல்ல எனக்கும் ஒட்டிச்சு. லேப்ல ரத்த சாம்பிள எல்லாம் குளிர்லதானே வைப்போம், அதைப் பார்த்துத் தோணுச்சு."

"அட!" என்றாள் மூத்தவள். தன்னையறியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எவ்வளவு நேரம் அழுத்திட்டு இருக்கணும்?"

"ஆறுற வரைக்கும். நடுவுல எடுத்தா நூல் நூலா வரும்."

வெளியே கொழுந்தன் துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு, மேஜை தப்பாப் போட்டிருந்துச்சு" என்றாள் மூத்தவள். "நேத்துதான் இடது கையால செஞ்சு பாத்தேன். எனக்கும் தீற்றல்தான் விழுந்துச்சு."

"ஓஹோ. மேஜை பண்ணின தப்பா அது?"

"இல்ல. போட்டவ பண்ணினது. வாய விட்டவளும் அவதான்."

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நாலு பேரு முன்னாடி அக்கா" என்றாள்.

"தெரியுது."

"அந்த நாலு பேருல ஒருத்தர் இன்னும் போன் பண்ணி, 'அட்டை செய்யக் கத்துக்கிட்டியா'ன்னு கேக்குறாரு."

"அவரு நம்பரக் குடு. நான் பேசிக்கிறேன்." பிறகு அட்டையைத் திரும்பப் பார்த்து, "மேல வந்து ஒரே ஒரு தடவ காட்டிட்டுப் போயேன். ஸ்டாம்பு இருக்கா உள்ள?"

இருந்தது. குளிர்பெட்டியில், எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில், பனித்துளி படிந்த, சட்டைப் பித்தான் படம் போட்ட ஒரு ஸ்டாம்பு. அடுத்த முயற்சிக்கு அதைத்தான் வைத்திருந்தாள்.

மேலே போனதும் மூத்தவள் முதலில் இங்க் பேடை இடது மூலைக்குத் தள்ளினாள். தூள் தட்டு அதன் பின்னால் போனது. ஹீட் கன் வயரை இடது பக்கச் சுவரில் செருகினாள். இளையவள் தட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். ஒற்றினாள், தூவினாள், சூடு காட்டினாள். தீற்றல் இல்லை. மறுபடி தூள், மறுபடி சூடு. குளம் பொங்கி, குமிழி விட்டு, சமமாகி, கண்ணாடிபோல் நின்றது. சில்லிட்ட ஸ்டாம்பை மையில் ஒற்றி, இடது கையால் நேராக இறக்கி அழுத்தினாள்.

கீழே ஹாரன் அடித்தது. "நேரமாச்சு! வீட்டுக்காரரு காத்துட்டு இருப்பாரு!"

"கை மாட்டிக்கிச்சு!" என்று இளையவள் கத்தினாள்.

கொழுந்தன் பதறி, இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். கைக்கு ஒன்றும் இல்லை. இரண்டு தலைகள் ஒரு பித்தானின்மேல் குனிந்திருந்தன.

"எடுத்துட்டு வா, போயிட்டு வந்துடலாம்."

"இப்ப எடுத்தா நூல் நூலா வரும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆறணும்" என்றாள் மூத்தவள், அவனைப் பார்க்காமலே.

"இது ஆறினதும்?"

இளையவள் யோசித்தாள். "அக்கா, வெள்ளிய அடியில போட்டு செம்ப மேல போட்டா என்ன நிறம் வரும்?"

"தெரியலையே. ரெண்டும் கலந்துடுமோ?"

"கலக்காதுன்னு நினைக்கிறேன். போட்டுப் பாத்தாதான் தெரியும்."

கொழுந்தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ அவருகிட்ட நான் என்ன சொல்றது?"

"வேற யாராச்சும் கேட்டா வீட்ட அவங்களுக்கே குடுத்துடச் சொல்லுங்க" என்றாள் இளையவள். கண் ஸ்டாம்பைவிட்டு நகரவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அவன் தள்ளி நின்றான். மூத்தவள் வெள்ளித் தூள் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து, இடது பக்கமாக வைத்தாள்.