கூரை தாண்டியவனின் முழங்கால்

என் தம்பியை எல்லோரும் அறிந்த உளவாளியாக்கியது நான்தான். திரையில் நடித்தது அவன், அடிபட்டதும் அவன். தலைப்பு வைத்தது நான். 'சுவர் ஏறியவன்', 'பாலம் அறுத்தவன்', 'கடல் நீந்தியவன்', கடைசியாக வந்த 'கூரை தாண்டியவன்' எல்லாம் என் வாயிலிருந்து வந்தவை.

அவனை வைத்துப் படம் எடுத்த கம்பெனியில் தலைப்புதான் முதலில். தலைப்பைக் கேட்டுச் சுவரொட்டி வரைவார்கள். சுவரொட்டியைப் பார்த்துக் கதை எழுதுவார்கள். ஆகவே நான் ஒன்றைச் சொல்லிவிட்டால் என் தம்பி அதைச் செய்தே தீர வேண்டும். 'கடல் நீந்தியவன்' என்று நான் சொன்ன அன்று அவனுக்கு நீச்சல் தெரியாது. கற்றுக்கொண்டான். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

தலைப்பைச் சோதிக்க எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், பாத்திரம் நீட்டுவதற்கென்று ஒரு சிறிய சன்னல் இருக்கிறது. அதன் பலகைக் கதவை மேலிருந்து கீழே இழுத்து மூடலாம். அதற்குப் பின்னால் என் மனைவி உட்காருவாள். அவள்தான் டிக்கெட் கொடுப்பவள். மற்றவர்கள் கூடத்தில் வரிசையாக நின்று படத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்க வேண்டும். துணி காயப்போடும் கிளிப்புகள்தான் டிக்கெட். அவள் கிளிப்பைக் கொடுத்துவிட்டால் அரங்கு காலியாக இருக்கிறது, தலைப்பு தோற்றது என்று பொருள். 'ஹவுஸ்ஃபுல்' என்று சொல்லிப் பலகையை இழுத்து மூடினால் தலைப்பு தேறியது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். அவள் தீர்ப்புக்கு மறுபேச்சு கிடையாது என்று சொன்னவனும் நான்தான்.

நல்ல தலைப்புகளை மற்ற கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போவதாகத் தயாரிப்பாளருக்கு ஒரே பதற்றம். வரப்போகிற படங்களுக்கெல்லாம் இப்போதே தலைப்பு வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். தம்பி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து என்னை உள்ளறைக்கு இழுத்தான்.

"அண்ணா, இந்தத் தடவை கொஞ்சம் பாத்து வைங்க."

"என்னத்தடா பாக்கணும்?"

"கூரை தாண்டினதுல முட்டி போச்சுண்ணா. இன்னொரு தடவை குதிச்சா முட்டியக் கழட்டி டப்பாவுல போட்டு கையில குடுத்துடுவேன்னு டாக்டர் சொல்லிட்டார். நானே ஒரு தலைப்பு யோசிச்சு வச்சிருக்கேன். 'சாய்ந்து அமர்ந்தவன்'."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நம்ம குடும்பத்துல எவனாவது சாஞ்சு உக்காந்து பாத்திருக்கியாடா?"

"இல்லண்ணா. அதனாலதான் எல்லாருக்கும் முதுகு வலி."

கூடத்துக்குப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் என் மகள். அவளுக்குப் பின்னால் தம்பி. நிற்க முடியாததால் நாற்காலி போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"நானும் நிக்கணுங்களா ஐயா?" என்றார் தயாரிப்பாளர்.

"வீட்டுக்குள்ள வந்தவங்க எல்லாரும் நிக்கணும்."

அவர் தம்பிக்குப் பின்னால் போய்க் கைகட்டி நின்றார்.

நான் சன்னலில் குனியாமல், நிமிர்ந்தபடியே கேட்டேன். "'எரிமலை குதித்தவன்', ஒரு டிக்கெட்."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. என் மனைவி கிளிப்பை எடுத்து நீட்டினாள். "தாராளமா இருக்கு. கால நீட்டிப் படுத்துக்கிட்டே பாக்கலாம்."

"'விமானம் பிடித்தவன்', ஒரு டிக்கெட்."

"எங்க பிடிச்சாரு, அப்பா? விமான நிலையத்துலயா?" என்றாள் மகள்.

"வானத்துல. வெறுங்கையால."

"ஐயோ!" என்றான் தம்பி.

மனைவி இரண்டு கிளிப்புகளைக் கொடுத்தாள். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். பக்கத்து வீட்டுலயும் யாராவது வந்தா கூட்டிட்டுப் போங்க."

'அருவி ஏறியவன்' கேட்டேன். கிளிப். 'புயல் உதைத்தவன்' கேட்டேன். ஒரு கைப்பிடி கிளிப். என் சட்டைப்பை நிறைந்துவிட்டது. மிச்சத்தைச் சட்டை ஓரத்தில் மாட்டிக்கொண்டேன். மாட்டிய பிறகுதான் தயாரிப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கழற்றினால் கௌரவக் குறைவு என்று அப்படியே விட்டேன்.

"அப்பா, நகருங்க. எத்தனை தடவைதான் கேப்பீங்க?" என்று மகள் என்னை ஒதுக்கிவிட்டு, "அம்மா, எனக்கு ஒண்ணும் வேணாம். சித்தப்பாவைக் கவனி" என்று அவன் நாற்காலியைச் சன்னலருகே தள்ளினாள்.

தம்பி என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான். "அண்ணி, 'சாய்ந்து அமர்ந்தவன்'. ஒண்ணே ஒண்ணு."

"ஹவுஸ்ஃபுல்!" பலகை டமாரென்று விழுந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை. சன்னலைத் தட்டினேன். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "டிக்கெட் குடுக்கறவகிட்ட சண்டை போடாதீங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

இப்போது நான் என்ன செய்வது? சட்டம் என்னுடையது. அதை மீறினால் நான் சொன்ன சொல் என்ன ஆவது? மீறாவிட்டால் எங்கள் குடும்பத்துப் பிள்ளையின் முகத்துக்குக் கீழே 'சாய்ந்து' என்ற எழுத்து எல்லாத் தெருச் சுவர்களிலும் ஒட்டப்படும். மானம் கப்பலேறிவிடும்.

திரும்பிப் பார்த்தேன். தம்பி நாற்காலியில் இருந்தான். பல கார்களுக்கும் பல கட்டடங்களுக்கும் சொந்தக்காரரான தயாரிப்பாளர் அவன் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். என் அப்பா நினைவுக்கு வந்தார். அவர் யாருக்காகவும் இருக்கையை விட்டு எழுந்ததில்லை. ஒருமுறை மின்விசிறி கழன்று தலைக்கு மேலே தொங்கியபோதும் எழவில்லை. நாற்காலியோடு சற்று நகர்ந்துகொண்டார், அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பதிலும் ஒரு மிடுக்கு உண்டு என்பதை நான் எப்படி மறந்தேன்?

பலகையை மறுபடியும் தட்டினேன். கொஞ்சம் திறந்தது.

"'எவருக்கும் எழாதவன்', ஒரு டிக்கெட்."

அவள் கையிலிருந்த கிளிப்பைக் கீழே வைத்தாள். பிறகு பலகை விழுந்தது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது. அதற்கு முன் எந்தத் தலைப்புக்கும் அவள் தாழ்ப்பாள் போட்டதில்லை.

தயாரிப்பாளர் துள்ளினார். "ஐயா, அபாரம்! வில்லன் வர்றான், இவர் எழுந்திருக்க மாட்டேங்கறார். குண்டு வெடிக்குது, எழுந்திருக்க மாட்டேங்கறார். கதாநாயகி கூப்பிடறா..."

"அப்பவும் எழுந்திருக்கக் கூடாது" என்றேன் கண்டிப்பாக.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் கையை விடுவித்துக்கொண்டு சொன்னேன். "ஒரு நிபந்தனை. படம் முடியறவரைக்கும் முதுகு நாற்காலில படக்கூடாது."

படம் எடுத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கப்பலைக் கவிழ்த்தான் என் தம்பி. ஒரு காட்சியில்கூட அவன் முதுகு நாற்காலியில் படவில்லை. நானே படப்பிடிப்புக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். முழங்கால் முழுதாகக் குணமாகிவிட்டது. முதுகு போய்விட்டது.

இப்போது எங்கள் கூடத்தில் விரித்த மெத்தையில் கிடக்கிறான். அடுத்த தலைப்புக்குத் தயாரிப்பாளர் வாசலில் வந்து நிற்கிறார்.

"அண்ணா," என்றான் தம்பி, கூரையைப் பார்த்தபடி. "உக்காரவும் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"படுக்கறதுன்னா எப்படிடா படுப்ப? சுருண்டா?"

"நேராண்ணா. குச்சி மாதிரி. அப்படித்தான் படுக்கணுமாம்."

"குப்புறப் படுக்க மாட்டியே?"

"மாட்டவே மாட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். நேராகக் கிடக்கிறவன் குனிய முடியாது. வளைய முடியாது. யார் காலிலும் விழ முடியாது, ஏற்கெனவே கிடக்கிறானே. எங்கள் குடும்பத்தில் நான் உட்பட யாரும் இவ்வளவு நிமிர்ந்து இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எழுந்து சன்னலுக்குப் போனேன். என் பின்னால் மகள் வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் தயாரிப்பாளர். என் மனைவி ஒரு கிளிப்பைக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

"'கிடந்தே வென்றவன்'," என்றேன். "ஒரு டிக்கெட்."

அவள் என் தோளுக்கு மேலே எட்டித் தம்பியைப் பார்த்தாள். பிறகு கிளிப்பைத் தன் முந்தானையில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து இழுத்தாள்.