சாவி ஏறாத வாட்ச்

“அசலா, டூப்பா? அத மட்டும் சொல்லு தம்பி. ஓட வைக்கணும்னுகூட இல்ல.”

சங்கரம்மாள் கைக்குட்டையைப் பிரித்து, வாட்சை ரிப்பேர்கடை ஜாக்சனின் மேசைமேல் வைத்தாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பீரோவைக் காலி பண்ணிய அவள் புருஷன் சிவனணைந்தபெருமாள் இதைப் பழைய இரும்போடு தூக்கிப் போட்டிருந்தார். அவளுடைய அப்பாவைத் திட்டுவதற்கென்றே முப்பத்தேழு வருஷம் பத்திரமாக வைத்திருந்த சாமான். மனுஷனுக்குத் திட்டி அலுத்துவிட்டது போலிருக்கிறது. அவள் அதைப் பொறுக்கிக்கொண்டு முத்தையாபுரத்தில் பஸ் ஏறிவிட்டாள்.

கல்யாணத்துக்கு ஃபாரின் வாட்ச் போட்டே ஆகவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அவள் அப்பா சொரிமுத்து, கப்பல்காரன் ஒருவனிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்தச் சீக்கோ வாட்சை வாங்கினார். மாப்பிள்ளை கையில் கட்டும்போது, கப்பல்காரன் சொல்லிக் கொடுத்தபடியே, “கழட்டாமப் போட்டிருங்க மாப்ளே, கையிலேயே கெடக்கணும்” என்று இரண்டு தடவை சொன்னார். தன் பவிசை ஊர் பார்க்கவேண்டும் என்று அலைகிறார் பாரேன் என்று பந்தியில் சிரித்தார்கள்.

சிவனணைந்தபெருமாள் என்ன செய்தார்? விலையுயர்ந்த பொருளாயிற்றே, விசேஷத்துக்குக் கட்டிக்கொள்வோம் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் நின்று கிடந்தது. சாவி கொடுத்தார், திருகு சும்மா சுற்றியது. குலுக்கினால் ஓடியது, வைத்தால் நின்றது. பொம்மை வாட்ச் என்று முடிவு கட்டிவிட்டார். கடையில் காட்டவும் பயம், கஸ்டம்ஸுக்குத் தெரியாமல் வந்த சரக்கு. தலைதீபாவளிக்கு அழைக்க வந்த சொரிமுத்துவை உட்கார வைத்து, இலையில் சோறு வைக்காமல் வாட்சை வைத்தார்.

“நீரே தின்னும்.”

எழுந்து போன சொரிமுத்து அதன்பின் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

ஜாக்சன் லென்சைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தான்.

“அசல்னா அப்படியொரு அசல்க்கா. யாரும் கட்டவே இல்லியோ?” உள்ளே இருந்த அரைவட்டத் தகட்டை மெல்லத் தள்ளிக் காட்டினான். “இதுக்குச் சாவியே கெடையாது. கை ஆடுனா இந்தத் தகடு சுத்தும், அதான் சாவி. பீரோல வச்சா நிக்கத்தான் செய்யும். இப்ப எண்ணெய் காஞ்சி போயிருக்கு, கழுவி மாட்டுனா ஓடும். வியாழக்கெழம வாங்க.”

ஜாக்சன் கம்பெனியின் பெருமையை ஆரம்பித்துவிட்டான்.

“ஹட்டோரின்னு ஒரு ஜப்பான்காரரு உண்டாக்குன கம்பெனிக்கா. நூறு வருசத்துக்கு முன்னால அங்கன பெரிய பூகம்பம். ஃபாக்டரியே எரிஞ்சி போச்சு. ரிப்பேருக்கு வந்திருந்த ஆயிரத்தைந்நூறு கடிகாரமும் சாம்பல். அந்த மனுசன் பேப்பர்ல வெளம்பரம் குடுத்து, பறிகொடுத்தவுகளக் கூப்புட்டுப் புதுசு குடுத்தாரு. காசு வாங்கல. பேரு கெட்டா வருமாக்கா?”

“வராது தம்பி,” என்றாள். “எங்கப்பாவுக்கு வரல.”

வியாழக்கிழமை வாட்சைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு வந்தாள். சுண்ணாம்பு நெடிக்கு நடுவே நாற்காலி போட்டிருந்த புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவள் மணிக்கட்டில் காதை வைத்துக் கேட்டார்.

“அன்னைக்கே வெவரமாச் சொல்லித் தொலச்சிருக்கலாம்லா ஒங்கப்பன்?”

“சொன்னாவ. ரெண்டு தடவ சொன்னாவ. நீங்க சிரிச்சீங்க.”

அவர் கையை நீட்டினார். “செரி, கழட்டு. நான் கட்டிக்கிடுதேன்.”

ஒரு மன்னிப்பு வரும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்த தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது சங்கரம்மாளுக்கு. கழற்றிக் கொடுக்காமல் அடுப்படிக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

புருஷனைச் சொல்லி என்ன. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அப்பா கேட்டார், “வாட்ச் ஓடுதா தாயி?” என்று. அவர் பெற்ற மகள் பதில் சொன்னாள்: “டூப்ப வாங்கித் தந்து ஏம்ப்பா என் வாழ்க்கையச் சந்தி சிரிக்க வச்சிய?”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சங்கரம்மாள் கையை மடியில் வைத்து அசையாமல் இருந்தாள். நின்று தொலையட்டும் என்றிருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டு வந்ததிலேயே அதற்குப் போதுமான அளவு சாவி ஏறியிருந்தது. அது ஓடிக்கொண்டே இருந்தது.