கடலடி வீட்டின் கதவு

என் கையிலிருந்து ஒரு சொட்டுப் பசை விழுந்தது. நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்கு எஃகில் அரை மீட்டர் அகலக் குமிழ் ஒன்று வார்த்தார்கள்.

நான் மாதிரி செய்பவன். கடலுக்கு அடியில் ஆறு ஆராய்ச்சியாளர்கள் ஒரு மாதம் தங்கி வேலை பார்க்க ஒரு வீடு கட்டினார்கள். அதை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் முதலிலேயே செய்து காட்டுவது என் பிழைப்பு. பதினைந்து மீட்டர் வீடு என் மேஜைமேல் முப்பது சென்டிமீட்டர்.

வீட்டுக்கு ஒப்புதல் தரும் குழுவில் இருப்பவர்களுக்கு வரைபடம் படிக்க வராது. வராது என்று ஒப்புக்கொள்ளவும் வராது. ஆகவே மாதிரியைப் பார்த்துத்தான் முத்திரை வைப்பார்கள். முத்திரை விழுந்துவிட்டால் மாதிரிதான் சட்டம். மாதிரியும் வரைபடமும் ஒத்துப்போகாவிட்டால் வரைபடம்தான் திருந்த வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஒருவர் வெர்னியர் அளவுகோலோடு வந்து மாதிரியை அளந்து எழுதிக்கொண்டு போவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'முத்திரை'. ஒருமுறை தூசி தட்டும்போது துணி பட்டு மாதிரியின் ஆன்டெனா ஒடிந்துவிட்டது. 'ஆன்டெனா இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். மறுநாள் வரைபடத்திலும் இல்லை.

கூரையில் காய்ந்துபோன பசைச் சொட்டையும் அவர்தான் அளந்தார். ஒரு சென்டிமீட்டர். ஐம்பதால் பெருக்கினார். பொறியாளரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு அதற்கு வரைபடம் போட்டார்.

"இது பசைன்னு உங்களுக்கே தெரியுமே மேடம்" என்றேன்.

"தெரியும். ஆனா முத்திரை விழுந்திருச்சே. உங்க கட்டைவிரல் ரேகை கூட அதுல இருக்கு, அதையும் சேத்துத்தான் வார்க்கச் சொல்லியிருக்காங்க."

குமிழோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வினை தரையில் இருந்தது.

இந்த வீட்டுக்குக் கதவு தரையில்தான். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று தண்ணீரை மேலே வர விடாது. அதே சங்கதிதான். தரையில் ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக இறங்கினால் கடல், ஏறினால் வீடு. மாதிரியிலும் நான் அந்த ஓட்டையைப் போட்டிருந்தேன். போட்டுவிட்டு, தூக்கிப் போகும்போது ஆடக்கூடாதே என்று மொத்த வீட்டையும் ஒரு பலகையில் ஒட்டித் தொலைத்தேன். பலகை இரண்டு சென்டிமீட்டர் கனம். முத்திரை அதையும் அளந்தார். 'தரை: மரம், ஒரு மீட்டர் கனம். கதவு: இல்லை.'

கதவே இல்லாத வீட்டுக்குள் ஆறு பேர் எப்படிப் போவார்கள் என்று நான் கேட்டேன். அதற்கும் விடை மாதிரியிலேயே இருந்ததாம். கூரையை மூடுவதற்கு முன்பே நான் உள்ளே ஆறு பொம்மைகளை ஒட்டியிருந்தேன் அல்லவா? ஆகவே சுவர் எழும்பும் முன்பே ஆறு பேரும் உள்ளே நிற்க வேண்டும். அவர்களைச் சுற்றிப் பற்றவைத்து மூடிவிடுவார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி என் தங்கச்சி.

ஓடில்லாத கடல் நத்தைகளைப் பற்றி ஆராய்கிறவள். இந்த வாய்ப்புக்காகப் பதினொரு வருஷம் காத்திருந்தாள். கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் அதை எனக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரவும். கிழக்கு ஜன்னலருகே வலது கையை உயர்த்தி நிற்கவும்.

"எனக்கு ஜன்னல் பக்கம் கெடச்சிருக்குண்ணா" என்றாள்.

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். அந்தப் பொம்மைகள் பஸ் நிறுத்த மாதிரிகளில் வைக்க என்று கடையில் விற்கிறவை. வேறு கிடைக்காமல் வாங்கினேன். அதில் பஸ்ஸை நிறுத்தக் கை காட்டும் ஒருத்திக்கு ஆசையாக மஞ்சள் உடை தீட்டி என் தங்கச்சியாக வைத்தேன். இன்னொரு பொம்மை கையில் குடை. அந்த ஆராய்ச்சியாளருக்குக் குடை கொண்டுவரச் சொல்லிக் கடிதம் போயிருந்தது.

"கதவு இல்லடி அதுல" என்றேன்.

"தெரியும். அதனால கேமராவுக்கு ரெண்டு பேட்டரி கூட எடுத்துக்கறேன்." எழுந்து கை கழுவப் போகும்போது சொன்னாள்: "திங்கக்கிழமை காலைல சீக்கிரமே போறேன்."

"போறேன்னு சொல்லாத. போயிட்டு வரேன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"கதவு இல்லாத எடத்துக்குப் போறவ எப்படிம்மா வரேன்னு பொய் சொல்றது?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அம்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். என் தங்கச்சியைப் பசை போட்டு மூடியது நானே.

மறுநாள் குழுத் தலைவரிடம் மனு கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மாதிரி இருந்த கண்ணாடிப் பெட்டியருகே என்னை அழைத்துப் போனார்.

"இந்த ஆறு பேரும் எத்தனை நாளா உள்ள இருக்காங்க?"

"மூணு மாசமா சார்."

"யாராவது வெளிய வரணும்னு கேட்டாங்களா?"

"அது பொம்மை சார்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி. கேட்டாங்களா?"

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். மனுவின் ஓரத்தில் 'புகார் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அப்போதுதான் ஆன்டெனா ஞாபகம் வந்தது. நாம் கேட்டால் இவர்கள் கதவு தரமாட்டார்கள். ஆனால் ஒடிந்தது ஒடிந்ததாகச் சட்டமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போனதும், தூசி தட்ட வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லிப் பெட்டிச் சாவியை வாங்கினேன். மாதிரியைக் கவிழ்த்து மேஜையில் வைத்தேன். துளைக்கருவியில் நாலு சென்டிமீட்டர் வட்ட ரம்பத்தை மாட்டிப் பலகையில் வைத்து அழுத்தினேன். பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தால் வாசலில் முத்திரை.

"என்ன பண்றீங்க?"

"தூசி தட்டறேன் சார்."

"தூசி இவ்வளவு சத்தம் போடுமா?"

"பழைய தூசி."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மூன்று மணிக்கு முன்னால் நடப்பது எதுவும் அவர் வேலையில் சேராது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பலகையில் துளை விழுந்தது. மாதிரியைத் தூக்கி நிமிர்த்தினேன். அந்த அதிர்வில் உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. நான் போட்ட கதவு வழியாக ஒரு பொம்மை மேஜையில் வந்து விழுந்தது. மஞ்சள் உடை.

ஆள் ஐந்து என்று எழுதினால் தங்கச்சிக்கு இடம் போய்விடும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி அவளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளத்தான் பார்த்தேன். கடலும் வேண்டாம், நத்தையும் வேண்டாம், வீட்டில் கிடக்கட்டும். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பொம்மையின் கை தூக்கியபடியே இருந்தது. பதினொரு வருஷமாக நிறுத்தத்தில் நின்றவளுக்கு இப்போதுதான் பஸ் வந்திருக்கிறது. நானா அதை விரட்டுவது?

இடுக்கியில் பிடித்து, பசை தொட்டு, ஓட்டை வழியாக உள்ளே நீட்டினேன். ஜன்னல் வரை எட்டவில்லை. ஓட்டையின் விளிம்புதான் எட்டியது. அங்கேயே ஒட்டினேன்: இடுப்புக்கு மேல் வீட்டுக்குள், இடுப்புக்குக் கீழ் ஓட்டைக்குள். ஊதி ஊதி என் வாய் வறண்டது. மணி மூன்று.

முத்திரை எழுந்து வந்து அளக்க ஆரம்பித்தார். "கதவு ஒன்று. அகலம் ரெண்டு மீட்டர்." எழுதினார். டார்ச் அடித்து உள்ளே எண்ணினார். பேனா நின்றது.

"இந்தம்மா உள்ள இருக்காங்களா, வெளிய இருக்காங்களா?"

"தலை உள்ள இருக்கு சார்."

"கால் வெளிய இருக்கே."

"ஆள் கணக்குன்னா தலையத்தானே சார் எண்ணுவாங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். "ஆறு" என்று எழுதினார். "தலை உள்ளே இருக்கும்வரை" என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதினார்.

கதவு வந்துவிட்டதால் ஆட்களை உள்ளே வைத்துப் பற்றவைக்கும் யோசனை கைவிடப்பட்டது. பொறியாளரம்மா அன்று முதல் முறையாகத் தன் தேநீரை ஆறுவதற்குள் குடித்தார். தங்கச்சிக்குப் புதுக் கடிதம் வந்தது: வாசலில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, வலது கையை உயர்த்தி இருக்கவும். நத்தைகள் அங்கேதான் அதிகம் வரும் என்று அவள் குதித்தாள்.

நான்கு மாதம் கழித்து வீட்டைக் கடலில் இறக்கினார்கள். கிரேன் அதைத் தூக்கியது. கூரையில் என் கட்டைவிரல் ரேகையோடு குமிழ் பளபளத்தது. அடியில், ஒரு மீட்டர் கன மரத்தின் நடுவே, என் தங்கச்சியின் மஞ்சள் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. நானும் அம்மாவும் கரையில் அண்ணாந்து நின்றோம். பக்கத்தில் முத்திரை, கையில் குறிப்பேட்டோடு.

திடீரென்று கால்கள் மேலே போயின. அந்த ஓட்டையில் அவள் தலை கவிழ்ந்து எட்டிப் பார்த்தது, முடி கீழே தொங்க.

"போயிட்டு வரேம்மா. அண்ணா, போயிட்டு வரேன்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலை வெளிய வந்திருச்சே" என்று முத்திரை பேனாவைத் திறந்தார். "கணக்கு அஞ்சாயிடும்."

"ஒரு நிமிஷம் எண்ணாதீங்க சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மேலே பார்த்துக் கை காட்டினார்.