ஒரே கட்டி, ரெண்டு ரிப்போர்ட்

மூன்றாவது குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் பந்தலில் இறந்தவளின் அண்ணன் பூமிநாதன் கத்த ஆரம்பித்தார்.

"கோடி எங்கிட்டதான் இருக்கு, தரமாட்டேன். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயி அறுத்துப் பாக்கணும். எவன் செஞ்ச தப்புன்னு எழுதி வாங்கிட்டுத்தான் மத்தது."

வீட்டுக்குப் பின்னால் நான்கு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே பெஞ்சின்மேல் முருகம்மாள் கிடந்தாள். வயது ஐம்பத்தாறு, விடிகாலையில் உயிர் போயிருந்தது. தங்கை ராமலெட்சுமி அவள் தலைக்குச் சீயக்காய் தேய்க்க, மகள் மாலதி தண்ணீர் ஊற்றினாள். கத்தலைக் கேட்டதும் மாலதியின் கை நின்றுவிட்டது.

"நீ ஊத்து" என்றாள் ராமலெட்சுமி. "அவரு கத்துவாரு."

ஆனால் விஷயம் வெறும் கத்தலோடு முடிகிறதாக இல்லை. அபிராமத்தைச் சுற்றியுள்ள அந்த ஊர்களில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை உடுத்தாமல் எந்தப் பெண்ணும் கடைசியாக வாசல் தாண்டுவதில்லை. புருசன் பட்டே எடுத்து வைத்திருந்தாலும் எடுபடாது, அண்ணன் கையால் வர வேண்டும். முருகம்மாளின் புருசனோ காது மந்தமான மனுஷன். பந்தலில் நடப்பது என்னவென்றே தெரியாமல் வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

பூமிநாதன் முரடர் இல்லை, தங்கச்சிகள் என்றால் உருகிப் போகிறவர்தான். அவர் சட்டைப் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று கர்ப்பப்பையை எடுத்தபோது வந்த ரிப்போர்ட். மற்றது ஒன்றரை வருசம் கழித்து நுரையீரலில் துண்டு எடுத்துப் பார்த்தது. முந்தாநாள் மருந்துக்கடை ஹசன் அலியிடம் இரண்டையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். முதலாவதில், ஆர்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் என்றிருந்தது. இரண்டாவதில், கட்டுப்படாது என்றிருந்தது. ஹசன் அலி வாசித்ததோடு சரி, மிச்சக் கதையை இவரே கட்டிக்கொண்டார்.

"ஒரே ஆளு, ஒரே கட்டி, ரெண்டு விதமா எப்படிப்பா இருக்கும்? எவளோ ஒருத்தி ரிப்போர்ட்ட எந்தங்கச்சிக்கு மாத்திக் குடுத்து, தப்பு மருந்த ஏத்திக் கொன்னுட்டானுக!"

பந்தல் முழுக்க ஆமாம் போட்டது. இழவு வீட்டில் கோபப்பட ஓர் ஆள் கிடைத்தால் எல்லோருக்கும் ஆறுதல்தானே.

ராமலெட்சுமிக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பந்தலில் இருந்த எல்லோரையும்விட அவளுக்குத்தான் அந்தக் கதை அதிகம் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரிக்காரன் தப்பு என்றாகிவிட்டால் அவள் தப்பு இல்லாமல் போய்விடும்.

மூன்று வருசத்துக்கு முந்தைய பங்குனி. அம்மன் கோவில் முளைப்பாரி வீட்டுக்கு முருகம்மாள்தான் பொறுப்பு. இருட்டறையில் வளர்கிற முளைக்குத் தண்ணீர் தெளிக்க, மாசாமாசம் வரும் தூரம் நின்றுபோன பெண்தான் உள்ளே போகலாம். ஆறு வருசமாக அவள் கையால் முளை வளர்ந்தது, ஊரே கை ராசி என்றது. காப்புக் கட்டின மறுநாள் பம்புசெட்டில் துணி துவைக்கும்போது அக்கா காதோடு சொன்னாள்: "எனக்கு மறுபடி படுதுடி." ராமலெட்சுமி சட்டென்று சொன்ன பதில் இன்றைக்கும் அவள் நாக்கிலேயே கிடக்கிறது. "சூடா இருக்கும். வாய மூடிக்கிட்டு இரு. தெரிஞ்சா இறக்கி விட்ருவாக." திருவிழா முடிந்தது. அப்புறம் வெங்காயம் போட்டு எடுத்தார்கள், மிளகாய்க்கு உழுதார்கள். வெளியே சொல்ல வெட்கம். டாக்டரைப் பார்த்தபோது எட்டு மாசம் ஆகியிருந்தது.

அது போதாதென்று இந்தத் தை மாசத்திலிருந்து ராமலெட்சுமிக்கே படுகிறது. ஐம்பத்தொரு வயசு, நின்று மூன்று வருசமாகிவிட்டது. அண்ணன் சொல்கிற மாதிரி அக்கா செத்தது ரிப்போர்ட் மாறியதால்தான் என்றால், இவளுக்கு வந்திருப்பதும் வெறும் சூடுதான். நல்ல கதை, மறுப்பதற்கு மனசே வரவில்லை.

மாலதி குடத்தை இறக்கி வைத்துவிட்டு மறைப்பைத் தாண்டி வெளியே போனாள். துணிக்கு அப்பால் அவள் குரல் நடுக்கமில்லாமல் கேட்டது.

"மாமா, யாரும் மாத்தல. நானும் இதையே கேட்டுச் சண்ட போட்டேன். ரெண்டு துண்டையும் பக்கத்துல வச்சு மறுபடி சோதிச்சாக. ரெண்டும் எங்கம்மாவுதுதான்."

"அப்ப எப்படித்தா வேற வேறயா இருக்கு?"

"போன வருசம் மிளகாய்க்கு இலப்பேன் மருந்து அடிச்சீகள்ல? என்னாச்சு?"

"அத எதுக்கு இப்பக் கேக்குற?"

"சொல்லுங்க மாமா."

"மொத வாரம் தெளிஞ்சுச்சு. அப்புறம் வயலு பூரா ஏறிருச்சு."

"அதே மருந்தத் திருப்பி அடிச்சீக."

"ஒண்ணுங் கேக்கல."

"கேக்காது. மருந்துக்குச் சாகுறது செத்துப்போச்சு, சாகாததுதான் குட்டி போட்டுப் பெருகுச்சு. கட்டியும் அப்படித்தானாம். பாக்க ஒண்ணு, உள்ள பல தினுசு. ஒரு அணுவுல ஆரம்பிச்சுப் பெருகப் பெருக ஒவ்வொண்ணும் கொஞ்சம் மாறிக்கிருமாம். மருந்துல முக்காவாசி செத்துச்சு, அம்மா எந்திரிச்சு வயலுக்குக்கூடப் போனாக. மிஞ்சுன ஒரு தினுசு நுரையீரலுக்குப் போயிருச்சு. அதான் ரெண்டாவது ரிப்போர்ட்டு."

பூச்சி விஷயத்தில் பூமிநாதனை யாரும் ஏமாற்ற முடியாது, அது அவருக்கே தெரியும்.

"இன்னொண்ணும் இருக்கு மாமா. அணு பெருகும்போது வர்ற தப்பத் திருத்துறதுக்குன்னே உடம்புல ஒண்ணு இருக்காம். நம்ம குடும்பத்துல அது பிறவியிலயே பழுது. அம்மாச்சி வயித்துக் கட்டியில போனதும் அதாலதான் இருக்கும்னாரு டாக்டரு. எனக்கு ரத்தம் பாத்தாச்சு, அந்தப் பழுது இருக்கு. வருசா வருசம் போய்க் காட்டணும். நீங்க எல்லாரும்..."

"வாய மூடு!" என்றார் பூமிநாதன். "கல்யாணத்துக்கு நிக்கிற மகள வச்சிருக்கேன். ரத்தத்துல பழுதுன்னு பந்தல்ல வச்சுச் சொல்லுறியா? கோடி கிடையாது. வண்டியக் கூப்பிடுங்கப்பா."

ராமலெட்சுமி குனிந்து அக்காவின் வயிற்றைப் பார்த்தாள். தொப்புளிலிருந்து கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. இன்னொரு தடவை அறுக்கப் போகிறார்கள். தான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக அக்கா அதையும் தாங்க வேண்டுமா என்று நினைத்தாள். பயமும் இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணே. இங்கன இருந்தே சொல்றேன், கேட்டுக்க."

பந்தலில் தலைகள் திரும்பின. மறைப்புக்குள் நிற்கிற பெண் ஆண்களைப் பார்த்துப் பேசுவது வழக்கமில்லை.

"அக்காவுக்கு முளைப்பாரி சமயத்துலயே ரத்தம் பட்டுச்சு. எங்கிட்டச் சொன்னா. நாந்தேன் மூடி வைக்கச் சொன்னேன். எட்டு மாசம் அப்படியே போச்சு. நீ எழுதி வாங்குறதா இருந்தா எம்பேர எழுதிக்க. அவள அறுக்காத."

ராமலெட்சுமி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இப்ப எனக்குப் படுது. தையில இருந்து. மாலதி ரெண்டு தடவ ரத்தம் பாக்கக் கூப்பிட்டா, எனக்கென்ன கேடுன்னு அவளத் திட்டி அனுப்புனேன். இனிமேலும் மூடி வைக்க எனக்குத் தெம்பில்ல."

மறைப்பின் கிழக்கு மூலையைப் பிடித்திருந்தவள் பூமிநாதன் பெண்சாதி செவ்வந்தி. அவள் கை ஒரு கணம் தாழ்ந்தது. துணி சரிவதைக் கண்டு பதறி மறுபடி உயர்த்திப் பிடித்தாள். மாலதி உள்ளே ஓடி வந்து சின்னம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழ வேண்டுமென்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வெளியே யாரோ இருமினார்கள். பிறகு மறைப்புக்கு மேலாக ஒரு கை நீண்டது. அரக்குக் கலர்ச் சேலை, மடிப்புக் கலையாமல். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பூமிநாதன் நீட்டியிருக்க வேண்டும், குரல் தோட்டத்துப் பக்கமிருந்து கேட்டது.

"மாலதி."

"மாமா."

"நாளைக்குப் பால் தெளிச்ச கையோட மதுரைக்குப் போவோம். கார் சொல்லிரு. மூணு பேரு."

"மூணா மாமா?"

"நானும் அந்த ஆத்தா பெத்த புள்ளதான?"

"நாலு" என்றாள் செவ்வந்தி. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "நம்ம மக நாகஜோதியும் வரட்டும்."

அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். "சரி, நாலு" என்றார் பூமிநாதன். ராமலெட்சுமி சேலையை உதறி விரித்தாள். மாலதி தூக்கிப் பிடிக்க, அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, ஐந்து கொசுவம் வைத்து, தழும்பு தெரியாமல் செருகினாள்.