துரைசாணியின் நாற்காலி

அம்மா அந்த மாளிகையின் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டிருக்கிறாள். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷத்திலிருந்து நிற்கிறாள். பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இந்தமுறை நான் பார்க்கப் போகவில்லை. கூட்டிவரப் போனேன்.

"ஸ்டூடண்ட் டிக்கெட் ஒண்ணு."

"நீங்கதான் எம்.ஏ. பாஸாயிட்டீங்களே," என்றார் கவுண்டர்காரர். ரிசல்ட் வந்தது எனக்கே காலையில்தான் தெரியும். "படிச்சு முடிச்சவங்களுக்குச் சலுகை கிடையாது."

முழு டிக்கெட் எடுத்தேன்.

மலைமேல் அந்த மாளிகை சர்ச் மாதிரி இருக்கும். கூரான ஜன்னல்கள், கூரான கோபுரங்கள். சாமி மட்டும் கிடையாது. ஆனாலும் எல்லாரும் குனிந்துதான் உள்ளே போகிறார்கள்.

எஜமானி துரைசாணி "போ" என்று சொன்னால்தான் அம்மா வீட்டுக்குப் போகலாம். அதுதான் சட்டம். அதைச் சொல்லாமல் பூங்காவில் உலாவப் போன துரைசாணி அங்கேயே மரமாகிவிட்டார்.

முதலில் மரத்திடம் போனேன்.

"எங்கம்மாவை அனுப்புங்க."

மரம் அசையவில்லை.

"இங்கிலீஷ்ல கேளு தாயி," என்றார் புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர்.

கேட்டேன். அப்போதும் அசையவில்லை.

"உன் இங்கிலீஷ் பிடிக்கலையோ என்னவோ."

"வேற யார் சொன்னா எங்கம்மா வரலாம்?"

"துரைசாணி நாற்காலியில உக்கார்றவங்க சொன்னா வரலாம்."

"யாரு உக்காருவாங்க?"

"யாரும் உக்காரக் கூடாதுன்னுதான் கயிறு கட்டியிருக்கு."

சாப்பாட்டு அறைக்குப் போனேன். கயிற்றைத் தாண்டினேன். கைடு வில்பிரட் அண்ணன் விசிலடித்தார்.

"ஏம்மா, படிச்ச பிள்ளைதானே நீ? பழைய நாற்காலிம்மா அது, உடைஞ்சிரும்!"

"எங்கம்மா கால் உடையலையா?"

உட்கார்ந்தேன். இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல மெத்தை சூடாக இருந்தது.

அம்மா கைகட்டினாள்.

"டீ கொண்டாரட்டுங்களா, துரைசாணி?"

எனக்கு வந்த கோபத்தில், ஜன்னலின் வண்ணக் கண்ணாடியிலிருந்த வேட்டைக்காரர்கள் குதிரைகளோடு இறங்கி வெளியே போய்விட்டார்கள்.

"அம்மா, நான் எஸ்தர். உன் மக."

"தெரியுங்க, துரைசாணி."

"போ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போய்விடுவாள். ஆனால் மகள் சொன்னாள் என்று இல்லை, துரைசாணி சொன்னார் என்றுதான் போவாள். அந்த வார்த்தையை விழுங்கினேன்.

நாற்காலியில் பாதி இடம் விட்டு நகர்ந்தேன்.

"வந்து உக்காரும்மா."

"நானுங்களா?"

"நீதான்."

"ஒரு நாற்காலிக்கு ஒரு ஆளுதான்," என்றார் வில்பிரட் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே."

அம்மா ஓர் எட்டு எடுத்து வைத்தாள். எங்களுக்கு நடுவில் இருந்த சாப்பாட்டு மேசை ஓர் எட்டு நீண்டது. இன்னோர் எட்டு வைத்தாள். மேசையும் நீண்டது. அவள் நிற்கவில்லை. சுவர்கள் விலகிப்போயின. கொஞ்ச நேரத்தில் அவள் உருவம் ஒரு கரண்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது.

"மூடுற நேரம்," என்றார் வில்பிரட் அண்ணன். விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

மேசை நீளட்டும். நான் எழுந்திருக்கப் போவதில்லை.

இருட்டில் அவளுடைய வெறுங்கால் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்கிறேன்.