தையலுக்கு விட்ட மூன்று அங்குலம்

"மழை வந்தா நனையுமா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

"நனையும் மேடம்" என்றார் கடைக்காரர்.

"வெயில்?"

"கொஞ்சம் வரும்."

"அப்ப இது எதுக்குங்க?"

அவர் படப் புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பாவம், பொறுமைசாலி. "இதுக்குப் பேரே பெர்கோலா மேடம். கூரை இல்ல. கூரை மாதிரி."

கூரைக்கும் கூரை மாதிரிக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் பிடிபடவில்லை. நாலு தூண், மேலே உத்திரம், குறுக்கே வரிசையாகப் பட்டைகள், நடுநடுவே வானம். கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆள் ஓடிப்போன வீடு போல இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் போனில் இந்தப் பேரைச் சொன்னாள். "அம்மா, தகரம் போட்டா அனல் அடிக்கும், அப்பா அதுக்குக் கீழ உக்கார மாட்டார். பெர்கோலா போடு. காத்து வரும், வானம் தெரியும். அடைச்சு வெச்ச மாதிரி இருக்காது." அவள் சொன்னபோது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. கடைக்கு வந்ததும் போய்விட்டது. மரமா, இரும்பா, அலுமினியமா? பட்டை நின்றமேனிக்கு வேண்டுமா, சாய்ந்தமேனிக்கா? இடைவெளி எவ்வளவு? என்னிடம் துணி தைக்க வருகிறவர்களை நானும் இப்படித்தான் கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், கொக்கி முன்னாலா பின்னாலா என்று கேட்டு முழிக்க வைப்பேன். அன்றைக்கு என் முறை. கடைசியில், பட்டைகளைச் சாய்த்து நெருக்கி வைத்தால் பகல் பன்னிரண்டு வரை கீழே முழு நிழல் இருக்கும் என்று அவர் அடித்துச் சொன்ன பிறகு, இரும்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வேண்டியது பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான்.

என் கணவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். ஜன்னல் பக்கமாக இருந்த வலது கை, முழங்கைக்குக் கீழே, இடது கையைவிட நல்ல கறுப்பு. இரண்டையும் சேர்த்து மேஜைமேல் வைத்தால் இரண்டு ஆளுடைய கைகள் என்று தோன்றும். அந்த வலது கையில் போன வருடம் ஒரு புண் வந்து ஆறாமலே இருந்தது. வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயந்த மாதிரியே கெட்ட கட்டிதான். ஆனால் முழுசாக எடுத்தாகிவிட்டது என்றார் தோல் டாக்டரம்மா. "இனிமே இந்தக் கையில வெயிலே படக் கூடாது. திரும்ப வந்துச்சுன்னா இவ்வளவு லேசா முடியாது" என்றும் சொன்னார். நான் நாலு தடவை தலையாட்டினேன். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மனுஷன் செய்த முதல் காரியம், பின்வாசல் சிமெண்டுத் தரையில் இரும்பு நாற்காலியைப் போட்டு, பத்து மணிக்குக் கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்ததுதான். பன்னிரண்டு வரை அசைய மாட்டார். அதுவும் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், அந்த ஒரே இடத்தில். தொப்பி கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டார். முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். ஒரு மடிப்பு மடித்து மேலே ஏற்றிக்கொண்டார். குடை பிடித்தேன், "நான் என்ன மந்திரியா?" என்றார். அழுதும் பார்த்தேன்.

"காத்து வாங்குறேன், விடேன்."

"காத்து உள்ளயும்தான் வருது."

"அது வேற காத்து."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆள் நிழலுக்கு வரமாட்டேன் என்றால் நிழலை ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த பரிசோதனைக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது.

நிழலை அளந்தேன். நாலு கம்பு நட்டு, மேலே போர்வையைக் கட்டி, அதன் நிழல் எங்கெங்கே விழுகிறது என்று நாலு நாள், அரை மணிக்கு ஒரு தடவை, தையல் சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டேன். நாற்காலியின் நாலு காலுக்கும் வட்டம் போட்டேன். இவர் காலைத் தூக்கிக்கொண்டு எனக்கு வழி விட்டார். "என்ன, தரைக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று ஒரு கிண்டல் வேறு. தூண்கள் வர வேண்டிய நாலு இடத்தையும் முடிவு செய்து, டேப்பை வைத்து அளந்து, நோட்டில் எழுதிக் கடையில் கொடுத்தேன். கொத்தனார் வந்து சாக்குக்கட்டிக் குறியில் குழி எடுத்து, காங்கிரீட் போட்டு, போல்ட்டுகளை நட்டுவிட்டுப் போனார். முப்பது வருடமாக அளவெடுக்கிறவள் நான். இதுவரைக்கும் ஒரு துணி இடுப்பில் பிடிக்கிறது என்று திரும்பி வந்ததில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பெர்கோலாவின் இரும்புச் சட்டம் வந்தது. பொருத்த வந்த ஃபிட்டர் ஒரு தூணை நிறுத்தினார், இன்னொன்றை நிறுத்தினார், உத்திரத்தைத் தூக்கி வைத்தார். இறக்கினார். மாற்றி வைத்தார். மறுபடியும் இறக்கிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அளவு யாரு எடுத்தது?"

"நான்தான்."

"மூணு இன்ச் கூட இருக்கேம்மா."

இருக்கவே இருக்காது என்று நோட்டை எடுத்து வந்தேன். அவர் டேப்பைப் பிடித்தார். தரையில் சரியாகப் பத்தடி. நோட்டில் பத்தடி மூன்று அங்குலம், என் கையெழுத்தில். நான் நோட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தேன். தரை எப்படிச் சுருங்கும்? வெயிலுக்குச் சிமெண்டு சுருங்குமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன், அவ்வளவு குழப்பம். அப்புறம் பொறி தட்டியது. இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை.

"தையலுக்கு விட்டது" என்றேன்.

"என்னது?"

"தையலுக்கு விடுவோம்ல, ரெண்டு பக்கமும். பின்னாடி பிரிச்சு விடறதுக்கு. கை தானா சேத்து எழுதிடுச்சு."

ஃபிட்டர் என்னையும் இரும்பையும் பார்த்தார். "பின்னாடி தூண் குண்டாயிடும்னு நினைச்சீங்களா?"

நாற்காலியில் இருந்த இவர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கட்டியை வெட்டியெடுத்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, எதைக் காட்டுவது என்று தெரியாமல் டீ போட உள்ளே போய்விட்டேன்.

உத்திரத்தை வெட்ட முடியாது என்றார் ஃபிட்டர். முனையில் தட்டு வைத்துப் பற்றவைத்தது. வெட்டினால் தூணில் உட்காராது. திருப்பி அனுப்பினால் மறுபடி ஒன்றரை மாதம். பரிசோதனைக்கோ இருபது நாள்கூட இல்லை. "பழைய காங்கிரீட்டை ஒட்டி மூணு இன்ச்ல புதுக் குழி எடுத்தா ரெண்டுமே நிக்காதும்மா. நாலு தூணையும் மொத்தமா ஒன்றரை அடி தள்ளணும். அந்தப் பக்கம் சாக்கடை மூடி இருக்கு. அப்ப சமையக்கட்டுப் பக்கம்தான்." சரி என்றேன். சட்டம் ஒன்றரை அடி தள்ளிப் போனால் நாற்காலியும் ஒன்றரை அடி தள்ளிப் போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்த மறுநாள் பத்து மணிக்குப் பின்வாசலில் நிழல் விழுந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சமையலறைச் சுவரை ஒட்டி, கழுவி விட்ட தரை மாதிரி குளிர்ச்சியாக ஒரு நீண்ட நிழல். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவர் வந்தார். நிழலைத் தாண்டிப் போனார். சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், நான் போட்ட பழைய வட்டங்களில் நாற்காலியின் நாலு காலையும் பதமாக வைத்து, வெயிலில் உட்கார்ந்தார்.

"வேணும்னே பண்றீங்களா?"

"இங்க நல்லாருக்கு."

"ஒன்றரை அடிங்க. ஒன்றரை அடிதான் கேக்கறேன்."

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு எதுவுமே விளங்கவில்லை. என்மேல் கோபமா, டாக்டர்மேல் கோபமா, இல்லை, அந்தக் கையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாரா? மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில், அப்படி என்னதான் இருக்கிறது இந்த இடத்தில் என்று நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தரையை அளந்தேன், நிழலை அளந்தேன், நாற்காலிக் காலைக்கூட அளந்தேன். அதில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்ததில்லை.

சமையலறைச் சுவரின் மூலைக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே, இரண்டு சாண் அகலத்துக்கு, பெரிய ரோட்டின் வளைவு தெரிந்தது. தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் சுவர் மறைத்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடுக்கில் ஒரு பஸ் உடம்பைச் சாய்த்துத் திரும்பிப் போனது.

"ஒன்பது நிமிஷம் லேட்டு" என்றது பின்னாலிருந்து குரல். சொம்போடு வாசலில் நின்றார்.

"உங்க வண்டியா?"

"வண்டி வேற. ரூட்டு என்னது."

"இதைச் சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"சொன்னா சிரிப்ப."

சிரிப்பு வரவில்லை. "எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன். "அது திரும்ப வந்துடுமோன்னு தினமும் பயமா இருக்கு. ஊசில நூல் கோக்க முடியல."

அவர் வலது கையைத் திருப்பி, பளபளவென்று இருந்த தழும்பைப் பார்த்தார். "எனக்கும்தான்" என்றார். பிறகு என்னை எழுப்பிவிட்டு, நாற்காலியைக் கிறீச்சென்று நிழலுக்குள் இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அந்த முதுகைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கேட்டிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. மறுநாள் தையல் மிஷினில் இருந்தபோது கிறீச்சென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பஸ் திரும்பும் உறுமல். மறுபடி கிறீச். பத்து நாற்பதுக்கு ஒன்று, பதினொன்று ஐந்துக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று என்று மூன்று பஸ். ஒவ்வொன்றுக்கும் வெயிலுக்கு ஒரு இழுப்பு, நிழலுக்கு ஒரு இழுப்பு. இந்தக் கொஞ்ச நேர வெயில் கணக்கில் வருமா வராதா? டாக்டரம்மாவிடம் கேட்கலாம், எந்த முகத்தோடு கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இன்றைக்கு அவருக்கு இன்னொரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். வலது கை மட்டும் மூன்று அங்குலம் கூடுதல் நீளம், மடித்து விட்டாலும் தழும்பை மூடுகிற மாதிரி. பதினொன்றரைக்கு நாற்காலி வெளியே போன சத்தம் கேட்டது. பஸ் வந்தது, வளைவில் உறுமியது, போயும் விட்டது. பரிசோதனைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மிதியிலிருந்து காலை எடுத்தேன். ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றது. சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, நாற்காலி திரும்பி வரும் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.